வெடித்த பல்: வைப்பதா, எடுப்பதா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

இன்றைய பேச்சுக்கு என்ன பொருள் எடுத்திருக்கிறீர் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, "வெடித்த பல்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஆண்டுக் கூட்டத்திற் பேசுகிறவர்கள் கல்வி என்பார்கள், ஒழுக்கம் என்பார்கள், சமூகத்தொண்டு என்பார்கள். நீர் பல்லைப் பற்றியோ பேசப் போகிறீர்?" என்றார். நான் அவருக்குச் சொன்ன மறுமொழியையே உங்களுக்குஞ் சொல்லுகிறேன். கல்வியைப் பற்றிப் பேச என்னிலும் தகுதியுடையோர் இம்மண்டபத்திலே பலர் இருக்கிறார்கள். பல்லைப் பற்றியோவெனின், பேராதனையிற் பல் மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையிற் சிறிது படித்திருக்கிறேன். என் வீட்டிலே சிறிது பட்டும் இருக்கிறேன். படித்ததைவிடப் பட்டதே எனக்கு அதிகங் கற்பித்தது. நான் இன்னும் பட்டம் பெறாத மாணவன் என்பதையும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இங்கே நான் சொல்வது விளக்கமேயன்றி வைத்தியமன்று.

இதனைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று சிலர் ஐயுறலாம். நான் கல்வி கற்றது மிஷன் பாடசாலையில். அங்கே எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டப்பட்ட பெயர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது. 1847ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்த அந்த அமெரிக்கர், மானிப்பாயிலிருந்து நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார்; பாடநூல்களையும் தமிழாக்கினார். அவர் அன்று செய்ததை நினைத்தால், ஒரு பல்லின் கதையை நாம் இன்று தமிழிற் சொல்லத் தயங்குவது வெட்கம்.

இனி விடயத்துக்கு வருவோம்.

என் தாய்மாமன் ஒரு கமக்காரர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பின்னேரத்தில் வெறுந்தேநீர் குடிக்கும்போது பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பது அவர் வழக்கம். நம்மில் அவ்வழக்கம் இல்லாதவர் யார்? இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், நன்றாக இறுகிய பனங்கட்டித் துண்டொன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். "டிக்" என்று ஓர் ஓசை கேட்டதாம். கட்டிதான் உடைந்தது என்று நினைத்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்திற் சாப்பிடும்போது இடைக்கிடை சுரீரென்று ஒரு குத்து. கடிக்கும்போதல்ல, கடித்துவிட்டுப் பல்லை எடுக்கும்போது. ஒரு வாய் நோகும், அடுத்த வாய் நோகாது. கண்ணாடியிற் பார்த்தார்; பல்லிலே ஓட்டையில்லை. ஆகவே மற்றப் பக்கத்தாற் சாப்பிடத் தொடங்கினார். இப்படியே ஏழு மாதம் கழிந்தது. பிறகு இரவில் நித்திரையில்லாத பல்லுக்கொதி வந்தது.

அந்நேரம் நான் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். மாமா சொன்னார்: "தம்பி, நோகிற பல்லை வைச்சிருந்து என்ன காணப்போறம்? பிடுங்கி எறிஞ்சுபோட்டு நிம்மதியாய் இருப்பம்." நான் அப்போது இரண்டாம் வருட மாணவன். இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்று பெரியோர் சொல்லவில்லையா? இக்காலத்தில் யார் பல்லுப் பிடுங்குவார்கள்? காப்பாற்றலாம், நான் பொறுப்பு" என்று வாதாடினேன். மாமி என் பக்கம் நின்றார். மாமா விட்டுக்கொடுத்தார்.

அதன்பின் நடந்ததைச் சொல்லுமுன், வெடித்த பல் என்பது யாதென நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பல்லின் மேலே மிளிரி என்னும் கவசம் இருக்கிறது. எங்கள் உடம்பிலே அதனிலும் கடினமான பொருள் இல்லை. அதன் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிப்பொருளே. அதற்குள்ளே பன்முதல் என்னும் பாகம். அது சற்று மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்குழாய்கள் உடையது. அதற்கும் உள்ளே மச்சை. நரம்பும் இரத்தக்குழாய்களும் இருக்கும் உயிருள்ள பாகம் அதுவே. சாதாரணமாக நாம் "பல்லின் நரம்பு" என்று சொல்வது இதனைத்தான்.

கையெலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு வைத்தாற் பொருந்திவிடுகிறது. பல் வெடித்தாலும் நாளடைவிற் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எலும்பிலே உயிரணுக்களும் இரத்தவோட்டமும் உண்டு. அவை புது எலும்பைக் கட்டுகின்றன. மிளிரியிலே உயிரணு ஒன்றேனுமில்லை. பன்முதலின் வெடிப்பும் ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே பல்லில் விழுந்த வெடிப்பு விழுந்ததுதான். அதைக் கூட விடாமல் தடுக்கலாம். இல்லாமற் செய்ய முடியாது. இந்த ஒரு உண்மையை மாத்திரம் இன்று நீங்கள் மனதிற் கொண்டு சென்றாலும் என் பேச்சு வீண்போகாது.

கடித்து விடும்போது நோவது ஏன்? கடிக்கும்போது வெடிப்பின் இரு பக்கமும் சிறிது விலகுகின்றன. கடியை விட்டவுடன் சடுதியாக மூடுகின்றன. அப்போது பன்முதலின் நுண்குழாய்களில் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. இப்படியான நோவை 1954இல் கிப்ஸ் என்பவர் எழுதினார். 1964இல் கமெரன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதற்கு "வெடித்த பல் நோய்க்குறித்தொகுதி" என்ற பெயரைக் கொடுத்தார். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லே அதிகமாக வெடிக்கிறது என்று அவர் கண்டார். அதன் காரணத்தை அறியப் புத்தகம் வேண்டாம், பாக்குவெட்டி போதும். பாக்கை நுனியில் வைத்து வெட்டிப்பாருங்கள்; பிறகு ஆணிக்குக் கிட்ட வைத்து வெட்டிப்பாருங்கள். ஆணிக்குக் கிட்ட வைத்த பாக்கின்மேல் விழும் பலம் எவ்வளவு அதிகம்! தாடையின் ஆணி காதடியில் இருக்கிறது. அதற்குக் கிட்டவுள்ள பல்லே பெரும்பாரத்தைத் தாங்குகிறது.

வெடிப்பெல்லாம் ஒரே வெடிப்பல்ல. வைத்தியர்கள் அதனை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, மயிர்க்கோடு. மிளிரியில் மாத்திரம் தோன்றும் மெல்லிய கோடு. வயது வந்தோர் பலருக்கு இது உண்டு. நோவில்லை, வைத்தியமும் வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியிற் பார்த்து ஒருவரும் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, பல்லின் முகடொன்று உடைவது. பெரும்பாலும் முன்பு பெரிதாக அடைத்த பல்லில் அடைப்பின் ஓரமாக இது நிகழும். உடைவு பொதுவாக மச்சையை எட்டுவதில்லை. அடைத்தோ உறை போட்டோ காப்பாற்றலாம்.

மூன்றாவது, உண்மையான வெடித்த பல். அரைக்கும் மேற்பரப்பிலிருந்து வெடிப்புக் கீழ்நோக்கி வேர்ப்பக்கம் இறங்குகிறது. ஆனால் பல் இன்னும் இரண்டாகவில்லை. வைப்பதா எடுப்பதா என்ற வழக்கு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

நான்காவது, பிளந்த பல். மூன்றாவதைக் கவனியாமல் விட்டால் வருவது இது. இரண்டு துண்டும் தனித்தனியே அசையும். இதனை முழுப்பல்லாகக் காப்பாற்ற முடியாது.

ஐந்தாவது, வேரிலே தொடங்கி நெடுக்காக ஓடும் வெடிப்பு. இது அநேகமாக முன்பு வேர்க்கால் சிகிச்சை செய்த பல்லிலே வரும். நோவு குறைவாக இருக்கும். முரசு வீங்கியபின்பே தெரியவரும். பெரும்பாலும் பல்லை எடுக்க நேரும். பல வேருள்ள பல்லாயின் சிலசமயம் பழுதான வேரை மாத்திரம் எடுத்துவிடலாம்.

பெரியோர்களே, இப்பொழுது ஒரு நியாயமான கேள்வி எழும். "எக்ஸ்றே எடுத்தால் எல்லாந் தெரியுமே?" என்பீர்கள். தெரியாது. கடைவாய்ப்பல்லின் வெடிப்பு அநேகமாக முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. எக்ஸ்றேக் கதிரோ கன்னப்பக்கத்திலிருந்து நாக்குப்பக்கம் போகிறது. ஒரு கதவை முகப்பாகப் பார்ப்பவனுக்கு அதன் தடிப்பின் நடுவே நீளவாக்கில் ஓடும் பிளவு தெரியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். வெடிப்பினால் எலும்பு கரைந்திருந்தால் அது படத்திற் தெரியும். வெடிப்புத் தெரிவது அரிது.

ஆகவே வைத்தியர் வேறு வழிகளை நாடுகிறார். ஒவ்வொரு முகட்டிலும் தனித்தனியே ஒரு சிறு கருவியை வைத்துக் கடிக்கச் சொல்லுகிறார். பல்லின் ஒரு பக்கத்தில் விளக்கைப் பிடிக்கிறார். வெடிப்பிருந்தால் ஒளி அங்கே தடைப்பட்டு மற்றப்பக்கம் இருளும். நீலச்சாயம் பூசுகிறார், சாயம் வெடிப்பிலே ஊறி நிற்கும். பழைய அடைப்பிருந்தால் அதைக் கழற்றி உள்ளே பார்க்கிறார். இவ்வளவுக்கும் பின்பே தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு அவர் தம்மைத்தாமே கேட்கும் கேள்விகள் நான்கு.

முதற்கேள்வி: மச்சை எந்த நிலையில் இருக்கிறது? குளிரான பொருளைப் பல்லிலே தொட்டுப் பார்க்கிறார். சுரீரென்று நொந்து சில விநாடியில் நின்றால் மச்சை தேறக்கூடியது. தொட்டதை எடுத்தபின்னும் நோவு நின்று வாட்டினால், அல்லது தானாகவே இரவில் நொந்தால், மச்சை தேறாத நிலைக்குப் போய்விட்டது. ஒன்றுமே தெரியவில்லையாயின் மச்சை இறந்திருக்கக்கூடும். மச்சை கெட்டால் பல்லுப் போயிற்று என்பதல்ல கருத்து. கெட்ட மச்சையை எடுத்து, வேரின் உட்கால்வாய்களைத் துப்புரவாக்கி அடைத்து, பல்லை வைத்திருக்கலாம். அதுதான் வேர்க்கால் சிகிச்சை.

இரண்டாங்கேள்வி: வெடிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? தீர்ப்பின் உயிர்நிலை இதுவே. பல்லைச் சுற்றி முரசுக்கும் பல்லுக்குமிடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. சுகமான வாயில் அதன் ஆழம் மூன்று மில்லிமீற்றருக்கு மேற்போகாது. வைத்தியர் அளவுகோலை அதனுள் மெல்ல விட்டுச் சுற்றிவர அளக்கிறார். எங்கும் இரண்டு, மூன்று என்று வந்து, ஓரிடத்தில் மாத்திரம் கோல் திடீரென ஆறு, ஏழு என்று இறங்கினால், வெடிப்பு முரசுக்குக் கீழே வேரில் ஓடியிருக்கிறது, அதன் வழியே எலும்பு கரைகிறது என்று கருத இடமுண்டு. அது கெட்ட குறி. வெடிப்பு மச்சை அறையின் தரையைக் குறுக்கறுத்து ஓடியிருந்தால் அதனிலுங் கெட்ட குறி.

மூன்றாங்கேள்வி: துண்டுகள் அசைகின்றனவா? வெடிப்பின் இரு பக்கத்தையும் மெல்ல நெம்பிப் பார்க்கிறார். அசைந்தால் அது பிளந்த பல். வழக்கு முடிந்தது.

நான்காங்கேள்வி: காப்பாற்றினால் உறை போட்டுப் பிடிக்கப் போதிய பல் எஞ்சுமா? உறையைக் "கிறவுண்" என்பார்கள். வண்டிச் சில்லின் மரம் விலகாதபடி இரும்புப் பட்டம் இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெடித்த பல்லுக்கு உறை செய்வதும் அதுவே. பட்டம் பிடிக்க மரம் இல்லையாயின் பட்டத்தாற் பயனென்ன?

இக்கேள்விகளுக்குப் பின்னும் பல்லைவிட்டு மனிதரைப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தப் பல் சாப்பாட்டுக்குத் தேவையான பல்லா, அல்லது எதிர்ப்பல்லில்லாத ஞானப்பல்லா? அவர் நித்திரையிற் பல்லை நெறுமுகிறவரா? நீரிழிவு உண்டா? இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா? எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். தாடைக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவராயின், பல்லைப் பிடுங்கிய இடத்து எலும்பு ஆறாமற் போகும் ஆபத்துண்டு. அவருக்குப் பல்லை வைத்திருக்கவே முயலுவர். கடைசியாகப் பணம். பிடுங்குவதற்கு அரசாங்க வைத்தியசாலையிற் செலவில்லை. வேர்க்கால் சிகிச்சையும் உறையும் எல்லா ஊரிலும் கிடைப்பவையல்ல. தனியாரிடம் போனால் ஏழைக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு. இதைச் சொல்ல வெட்கப்படுவதாற் பலர் வைத்தியரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வெளியேறிப் பின்பு திரும்பிப் போவதேயில்லை. வெடிப்பு அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இனி மாமாவின் கதை. நான் அவரை ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிச்சென்றேன். அவர் வயதில் மூத்தவர், நிதானமானவர். குளிர் வைத்துப் பார்த்தார். நோவு நின்று வாட்டியது. அளவுகோலை விட்டார், பின்பக்கத்தில் ஓரிடத்திற் கோல் இறங்கியது. எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆனாலும், "வேர்க்கால் சிகிச்சை செய்யலாமல்லவா, சேர்?" என்று கேட்டேன். "பழைய அடைப்பைக் கழற்றிப் பார்க்காமல் நான் ஒன்றுஞ் சொல்லமாட்டேன்" என்றார். விறைப்பு ஊசி போட்டு அடைப்பைக் கழற்றினார். நீலச்சாயம் பூசிக் கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்னோரத்திலிருந்து பின்னோரம் வரை, அறையின் தரையைக் குறுக்கறுத்து, நூல் பிடித்தாற்போல ஒரு நீலக்கோடு. மெல்ல நெம்பினார். இரண்டு பக்கமும் அசைந்தன.

நான் பேசவில்லை. மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன தம்பி, உன்ர புத்தகம் என்ன சொல்லுது?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என் வார்த்தைக்காகக் காத்திருந்தார். அதுதான் எனக்கு மிகவும் நொந்தது. "எடுக்கவேணும், மாமா" என்றேன். எடுத்தார்கள். பல் இரண்டு துண்டாகவே வெளியில் வந்தது.

வெளியே வந்தபின் வைத்தியரிடம், "ஏழு மாதத்துக்கு முன் வந்திருந்தால்?" என்று கேட்டேன். "தப்பியிருக்கலாம், தப்பாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று எங்களுக்கு இரண்டு வழி இருந்திருக்கும், இன்று ஒன்றுதான் இருந்தது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் யோசித்தேன். மாமாவின் வாயைப் பாராமல் நான் பொறுப்பேற்றேன். பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்பதைவிட, வாதத்தில் வெல்ல வேண்டுமென்பதே என் மனதில் இருந்ததோ என்று நாணினேன். மாமா "பிடுங்கு" என்றதும் பாராமற் சொன்னது. நான் "வை" என்றதும் பாராமற் சொன்னது. இருவரில் நான் படித்தவன். ஆகவே என் பிழையே பெரிது.

கதை அத்துடன் முடிந்திருந்தால், "வெடித்த பல்லைப் பிடுங்குவதே புத்தி" என்று நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நான்கு மாதங் கழித்து என் அக்காவுக்கு அதே நோவு வந்தது. அதே கீழ்க் கடைவாய்ப்பல். கடித்து விடும்போது அதே குத்து. அக்கா ஒரு பாடசாலை ஆசிரியை. "மாமாவுக்குப் பிடுங்கினதுதானே, எனக்கும் பிடுங்கட்டும். வீண் செலவு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். இம்முறை நான் வாதாடவில்லை. "பிடுங்குவதோ வைப்பதோ, முதலிற் பார்ப்பிப்பம், அக்கா" என்று மாத்திரஞ் சொன்னேன். நோவு தொடங்கி மூன்றாம் கிழமையே போனோம்.

அதே வைத்தியர். குளிருக்கு நொந்தது, உடனே நின்றது. அளவுகோல் எங்கும் இறங்கவில்லை. அடைப்பைக் கழற்றிச் சாயம் பூசியபோது, பின்னோரத்திலிருந்து பாதிப் பல்வரை ஒரு கோடு, அறையை எட்டவில்லை. நெம்பினார், அசையவில்லை. பல்லைச் சுற்றி ஓர் உலோகப் பட்டி பொருத்திச் சில வாரம் பார்த்தார். நோவு நின்றது. பின்பு உறை போட்டார். அக்கா சீட்டுக் காசை எடுத்து அதற்குக் கட்டினாள். இன்றுவரை அந்தப் பல்லாற் சாப்பிடுகிறாள்.

ஒரே குடும்பம், ஒரே பல், ஒரே விதமான நோவு. ஆனாலும் தீர்ப்பு இரண்டு. நோவைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உறை போட்டால் எல்லாம் முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலே, மச்சை தேறக்கூடிய நிலையிலிருந்த 127 வெடித்த பற்களுக்கு உறை போட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய ஐந்திலொன்றுக்கு ஆறு மாதத்துள் வேர்க்கால் சிகிச்சை தேவைப்பட்டது. ஐந்தில் நான்கு அப்படியே நின்றன என்பதும் அதே கணக்குத்தான். வேர்க்கால் சிகிச்சை பெற்ற வெடித்த பற்களைச் சிங்கப்பூரில் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள்; இரண்டாண்டின் பின் நூற்றுக்கு எண்பத்தைந்தளவு வாயில் நிலைத்திருந்தன. 2016இல் வெளியான கொரிய ஆய்வொன்றில் அத்தொகை தொண்ணூறு. முரசுப் பள்ளம் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாயிருந்த பற்களே அதிகம் தவறின. வைத்தியர் அந்தச் சிறு அளவுகோலை ஏன் அவ்வளவு மதிக்கிறார் என்பது இதனால் விளங்கும்.

பல்லை எடுத்தாலும் கதை முடிவதில்லை. இடைவெளியை நோக்கிப் பின்பல் சரியும், எதிர்ப்பல் நீளும், அவ்விடத்து எலும்பு தேயும், மற்றப் பக்கத்துப் பற்களின்மேற் பாரங் கூடும். கட்டுப்பல்லோ, அயற்பற்களைப் பிடித்துக் கட்டும் பாலமோ, எலும்பிலே பொருத்தும் இம்பிளான்றோ, எது தக்கதென்பதைப் பிடுங்கும் நாளிலேயே கேட்டுவைக்க வேண்டும். மாமா சிறு கட்டுப்பல் ஒன்று வைத்திருக்கிறார். இப்பொழுது பனங்கட்டியைத் தட்டித் தூளாக்கித்தான் வாயிற் போடுகிறார்!

இளைஞர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். சோடாப் போத்தல் மூடியைப் பல்லாற் கழற்றுவது வீரமல்ல. ஐஸ் கட்டியையும், கொட்டைப்பாக்கையும், காய்ந்த ஒடியலையும் கடித்து உடைக்கப் பல் ஆயுதமல்ல. காலையில் எழும்போது தாடை நோகுமாயின் நித்திரையிற் பல்லை நெறுமுகிறீர்களோ என்று விசாரியுங்கள். இரவில் மாட்டிக்கொள்ளும் காப்பு உண்டு. கடித்து விடும்போது குத்துமாயின் அன்றே அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுத்து, அந்தக் கிழமையே பார்ப்பியுங்கள். கராம்பெண்ணெய் நோவை ஆற்றும், வெடிப்பை ஆற்றாது. அஸ்பிரின் குளிசையைப் பல்லடியில் வைப்பார்கள். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும், வைக்கவேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சல் காய்ந்தால், விழுங்க முடியாமல் அல்லது வாய் திறக்க முடியாமற் போனால், பல் வைத்தியரின் முறைக்குக் காத்திராமல் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இன்னுமொன்று. எங்கள் ஊரில் வயதுபோனவர்கள் தனியே வைத்தியரிடம் போகிறார்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "ஐயா சொன்னபடி" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நீங்கள் கூடப் போங்கள். போய் ஐந்து கேள்வி கேளுங்கள். வெடிப்பு எவ்வளவு ஆழம்? மச்சை எந்த நிலையில்? வைத்தால் என்னென்ன செய்யவேண்டும், எவ்வளவு செலவு? எடுத்தால் அவ்விடத்தில் என்ன வைப்பது? ஒன்றுஞ் செய்யாமல் ஒரு மாதம் விட்டால் என்ன நடக்கும்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிப்பதில்லை. ஆனால் தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். வாய் அவருடையது, பல் அவருடையது. நான் மாமாவுக்குச் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். "வயதுபோன எனக்கு இனிப் பல் எதற்கு?" என்று சொல்லாதீர்கள். சோற்றையும் கறியையும் நன்றாக மென்று சாப்பிடும் சுகம் வயதினாற் குறைவதில்லை. நோவைச் சொல்லாமல் மறைத்து ஒரு பக்கத்தாற் சாப்பிடும் நாட்கள், பல்லுக்குள்ள இரண்டு வழிகளில் ஒன்றை மெல்ல அடைத்துக்கொண்டு போகும் நாட்கள்.

வைப்பதா, எடுப்பதா என்று தலைப்பிட்டேன். விடையை நான் சொல்லவில்லை என்று நீங்கள் குறைகூறலாம். விடை பல்லுக்குள் இருக்கிறது. பாராமல் "பிடுங்கு" என்பதும் பிழை. பாராமல் "வை" என்பதும் பிழை. காலத்தோடு போய்ப் பார்ப்பிப்பது ஒன்றே நம் கையில் உள்ளது.

முன் வரிசையிலிருந்து என் குற்றத்தையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்ட என் மாமாவுக்கு நன்றி.